குத்தகை உரிமையும் மண்வளமும்

கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதால் வயல் வளம் பெறும் என்பதை உழவர் அறிவர். ஆயின், ஆண்டுதோறும் தொடர்ந்து செய்தாலன்றி அவ்வளம் மண்ணில் நிலைக்காது. அடுத்த போகத்தில் வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சும் குத்தகையாளர் யாருக்காக மண்ணைப் பேணுவார்? இயன்ற மட்டும் விளைவைக் கறந்துகொள்ளவே முற்படுவார்.

தஞ்சை மாவட்டத்து வாரதாரர்க்கும் பண்ணையாட்களுக்கும் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. சென்னை மாநிலத்தின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தான் குறித்த காரணமின்றிக் குத்தகையாளரை வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956-இல், நன்செய்க்கு நிலவுடைமையாளர் பெறத்தக்க நியாய வாரம் விளைவில் நூற்றுக்கு 40 என வரையறுக்கப்பட்டது. எஞ்சியதில் ஒரு பகுதியை எருவுக்கு ஒதுக்க உழவர்க்கு வழி பிறந்தது.

எனினும், வாய்மொழிக் குத்தகைக்குச் சான்று ஏது? அதற்காகவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் ஏறாத உழவருக்கு உரிமையை மெய்ப்பிப்பது அரிது. உரிமை ஒன்றே மண்ணைக் காத்துவிடாது. எனினும், நாளைய விளைவை நம்பி இன்று எருவிடும் துணிவை அதுவே தருகிறது.