எலும்பின் அளவும் சராசரியும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



6ஆம் வகுப்பு சமூக அறிவியலில் மெஹர்கர் பாடம் நடத்துகிறோம். அங்கு வாழ்ந்தவர்கள் ஆடு, மாடு வளர்த்தார்கள் என்றதும், "வளர்த்தார்களா, வேட்டையாடினார்களா என்று எப்படி சார் தெரியும்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். இது சமூக அறிவியல் கேள்வி மட்டுமல்ல, எங்கள் கணக்குப் பாடத்துக்கும் உரிய கேள்வி.

முழு எலும்பு கிடைத்தால் வேலை எளிது. மாட்டின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பை அளந்து, பசுவானால் 6 ஆலும் காளையானால் 6.25 ஆலும் பெருக்கினால் தோள் உயரம் கிடைக்கும். 1966இல் ஃபோக் என்ற ஆய்வாளர் தந்த எண்கள் இவை. 20 செ.மீ. எலும்பு என்றால் பசு 120 செ.மீ., காளை 125 செ.மீ. ஐரோப்பிய மாடுகளை அளந்து பெற்ற எண்கள் என்பதால் நம் திமில் மாட்டுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

ஆனால் அகழாய்வில் கிடைப்பவை பெரும்பாலும் உடைந்த துண்டுகள். அவற்றின் அகலத்தையும் தடிமனையும் அளந்து, அளவு தெரிந்த ஒரு விலங்கோடு ஒப்பிடுவார்கள். மெஹர்கரில் ரிச்சர்டு மெடோ இப்படித்தான் ஒப்பிட்டார். பழைய அடுக்கிலிருந்து பிந்தைய அடுக்குக்கு வர வர மாட்டெலும்புகள் சிறுத்திருந்தன. மனிதர் வளர்க்கத் தொடங்கியதற்கு அதை ஒரு சான்றாகக் கொண்டார்.

சிறுத்தால் வளர்ப்பு விலங்கு என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றும். வகுப்பில் நான் போடும் கணக்கு இது: கிடா 80 செ.மீ., பெட்டை 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிடா, ஐந்து பெட்டை இருந்தால் சராசரி 75. இரண்டு கிடா, எட்டு பெட்டை இருந்தால் 72. ஓர் ஆடுகூடக் குட்டையாகவில்லை, சராசரி மட்டும் 3 செ.மீ. இறங்கிவிட்டது!

மேற்கு ஈரானின் கஞ்ச் தாரே என்ற இடத்து ஆட்டெலும்புகளை மெலிண்டா ஸீடரும் பிரையன் ஹெஸ்ஸும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையானவை அவை. எலும்பின் அளவை முதலில் தீர்மானிப்பது ஆணா, பெண்ணா என்பதே என்று காட்டினார்கள். இளங்கிடாக்களின் எலும்பு முனைகள் ஒட்டியிருக்காது. வளர்ச்சி முடியாத எலும்பை உயரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அளவுப் பட்டியலில் பெட்டைகளே மிஞ்சுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது கிடாக்கள் இளமையிலேயே வெட்டப்பட்டதும், பெட்டைகள் நெடுநாள் விட்டுவைக்கப்பட்டதும் தெரிந்தன. வேட்டைக்காரர் பெரிய கிடாயைத் தேடுவார். இப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டுபவர் மந்தை வைத்திருப்பவர்.

இந்த இடத்தில் நான் விடை சொல்வதில்லை. "உங்கள் வீட்டில் எந்தக் குட்டியை முதலில் விற்பீர்கள்?" என்று மட்டும் கேட்பேன். கணக்கில் எப்போதும் பின்தங்கும் பிள்ளைகள் சிலர் அன்று முதல் ஆளாகக் கை தூக்குகிறார்கள். "கிடாக்குட்டி சார். பெட்டை இருந்தாத்தானே அடுத்த ஈத்து!"