பேப்பர் போடுவதற்கு முன்னால்



ஏப்ரல், மே மாதங்களில் சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்று மனம் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து, வேறொரு கம்பெனியிலிருந்து போன் வரும். "இப்ப எவ்வளவு வாங்குறீங்க? அதுக்கு மேல நாங்க இவ்வளவு தர்றோம்." பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் பெரிய குறை ஒன்றும் கிடையாது. வீட்டுக்குப் பக்கம். மேலாளர் நல்லவர். அவசரம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம். சம்பளம் மட்டும்தான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. போவதா, இருப்பதா?

வீட்டில் கேட்டால் கோவைப் பக்கத்து அப்பா, "இருக்கறத உட்டுட்டுப் பறக்கறதப் புடிக்கப் போகாத கண்ணு" என்பார். கூடப் படித்த நண்பனோ, "ஒன்பது லட்சம்டா மச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பான். இருவரும் நம் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. அந்தக் கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் கொஞ்சம் வரும்.

கோவை பீளமேட்டில் ஒரு பம்பு செட் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஒரு குழந்தை. பெற்றோருடன் சொந்த வீட்டில் இருக்கிறார். பி.எஃப். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 36,000 ரூபாய். சென்னை சிறுசேரியில் உள்ள ஒரு கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 9 லட்சம் தருவதாகக் கடிதம் அனுப்புகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 75,000. இரண்டு மடங்குக்கும் மேல்!

அந்த 9 லட்சத்துக்கு சி.டி.சி. என்று பெயர். கம்பெனி அவருக்காக ஓர் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு அது, அவர் கையில் வாங்கும் தொகை வேறு. அடிப்படைச் சம்பளம் 37,500 என்று கடிதத்தில் இருந்தால், அதில் 12 சதவீதமான 4,500 ரூபாயைக் கம்பெனி பி.எஃப். கணக்கில் போடும். அதுவும் அந்த 75,000க்குள்தான் அடக்கம். அவர் பங்காக இன்னொரு 4,500 போகும். பணிக்கொடைக்கென்று ஒரு 1,800. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஓர் ஆயிரம் இருக்கலாம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 7,500 ரூபாயை, வேரியபிள் என்று எழுதியிருப்பார்கள். அது இலக்கை எட்டினால் வரும், பாதியாகவும் வரும், வராமலும் போகும். தொழில் வரி ஓர் இருநூறு. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்பது நல்ல செய்தி. எல்லாம் போக மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுவது ஏறத்தாழ 55,500.

பழைய சம்பளத்தைவிட அப்போதும் 19,500 அதிகம்தான். ஆனால் குழந்தையின் பள்ளியை உத்தேசித்து வேளச்சேரியில் வீடு பிடிக்கிறார், வாடகை 16,000. கோவையில் இல்லாத செலவு இது. மீதி 39,500. உண்மையில் கைக்கு வந்த உயர்வு 3,500 ரூபாய்.

பி.எஃப். பணமும் அவர் பணம்தானே, அதை விட்டுவிட்டுப் பேசலாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். சேர்த்துக்கொள்வோம். பழைய கம்பெனி 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பைக் கணக்கில் வைத்து 1,800 பிடித்து, தன் பங்காக 1,800 போட்டது. ஆக 3,600. புதிய இடத்தில் 9,000. எனவே பழைய வேலையின் மதிப்பு 39,600, புதிய வேலையின் மதிப்பு 48,500.

இதற்கு எத்தனை மணி நேரம் கொடுக்கிறார் என்று பாருங்கள். கோவையில் காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தால் மாலை ஐந்தரைக்கு வீடு. ஒன்பது மணி நேரம், மாதம் 25 நாள், மொத்தம் 225 மணி. சென்னையில் வாரம் ஐந்து நாள்தான் வேலை, ஆனால் ஏழரைக்குக் கிளம்பினால் பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலைத் தாண்டித் திரும்பி வர இரவு எட்டு. பன்னிரண்டரை மணி நேரம், 22 நாள், 275 மணி. வகுத்துப் பார்த்தால் கோவையில் மணிக்கு 176 ரூபாய். சென்னையிலும் மணிக்கு 176 ரூபாய்!

அதாவது இவருக்குச் சம்பளமே உயரவில்லை. மாதத்தில் இன்னும் 50 மணி நேரத்தைப் பழைய விலைக்கே விற்கிறார், அவ்வளவுதான். சென்னையில் சாப்பாடும் போக்குவரத்தும் கூடுதலாக ஆகும் செலவை நான் சேர்க்கவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, சென்னைக்குப் போகவே கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இதே மனிதர் வீட்டை நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ பிடித்து, அதே வாடகைக்கு, வெளியே இருக்கும் நேரத்தைப் பத்து மணியாகக் குறைத்துக்கொண்டால் மணிக்கு 220 ரூபாய் ஆகிவிடுகிறது. கல்யாணம் ஆகாதவர் நண்பர்களோடு அறை எடுத்து 6,000 ரூபாய் வாடகையில் இருந்துகொண்டால், அதே வேளச்சேரி தூரத்துக்கும் 213 வரும். ஒரே கம்பெனி, ஒரே கடிதம், வீடு மாறினால் விடை மாறிவிடுகிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே வீட்டுப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அலோய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி மக்களிடம் ஆண்டுக்கணக்கில் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்குப் போய்வர நெடுநேரம் செலவழிப்பவர்களுக்கு அந்தச் சிரமத்துக்கு ஈடாக வேறு பலன் கிடைக்க வேண்டும் அல்லவா? அப்படி முழுதாக ஈடாவதில்லை, அவர்களுடைய மனநிறைவு குறைவாகவே இருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. அந்தப் பழைய மாமல்லபுரம் சாலையில் தினமும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவர்கள் இதை மறுக்கப் போவதில்லை.

இதைவிடக் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் கவலை தருவது இது. இன்றைய விதிப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி கட்டுவது முக்கால் சதவீதம், முதலாளி கட்டுவது மூன்றேகால். 20,000 வாங்கும் ஒரு பெண் மாதம் 150 ரூபாய் கட்டுகிறார். அதற்கு அவருக்கும், அவரை நம்பியிருக்கும் தாய் தந்தைக்கும் சிகிச்சை கிடைக்கிறது. காப்பீட்டுக் கம்பெனிகள் வைப்பதுபோல இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு அதில் இல்லை. உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். அவரை இன்னொரு கம்பெனி 23,000க்குக் கூப்பிடுகிறது. 3,000 ரூபாய் கூடுதல் என்று சந்தோஷமாகப் போகிறார். ஈ.எஸ்.ஐ. போய்விட்டது. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தால், மாதாமாதம் மருந்துக் கடையில் அந்த 3,000 எப்படிக் கரைகிறது என்பதை அவர் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வார். புதிய கம்பெனி குழுக் காப்பீடு கொடுக்கிறதா, அதில் பெற்றோர் உண்டா, வெளிநோயாளிச் செலவு உண்டா என்ற மூன்று கேள்விகளை ஹெச்.ஆரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கக் கூடாது. தப்பாக நினைக்கிற இடம் என்றால், அதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். மாறும் தேதி அதற்குத் தகுந்தாற்போல் இருக்கட்டும்.

பணிக்கொடைக்கும் தேதிதான் முக்கியம். நிரந்தர வேலையில் ஐந்து ஆண்டு நிறைந்தால் கிடைக்கும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, சேவை ஆண்டால் பெருக்க வேண்டும். அடிப்படை 18,000 என்றால் ஐந்து ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 52,000 ரூபாய். நான்கரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பொறுத்தால் அந்தத் தொகை அவருடையது. பி.எஃப். பணத்தைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்: வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம்.

சரி, எண்களை ஓரமாக வைப்போம். சௌகரியமான வேலை என்கிறோமே, அந்தச் சௌகரியம் எதனால் வருகிறது? பெரும்பாலும் ஒரே ஓர் ஆளால் வருகிறது. பெரிய முதலாளி நல்லவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் "நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். அவருக்கு வயது எழுபது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிற மகனும் அப்படித்தான் சொல்வார் என்பதற்கு யார் பொறுப்பு? ஓர் ஆளை நம்பியிருக்கும் சௌகரியம் அவரோடு போய்விடும். வீடு பக்கத்தில் இருப்பதும், கையில் தொழில் இருப்பதும், எட்டு மணி நேரத்தோடு வேலை முடிவதும் அப்படிச் சட்டென்று போய்விடுவதில்லை. உங்களுடையது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

பழகிவிட்டதால் மட்டும் சுகமாக இருக்கும் வேலையும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டில் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அந்த வேலை உங்களைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை. சந்தையில் உங்கள் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. அடுத்த கம்பெனி கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் பேசும். இருபத்தாறு வயதில் குறைந்த சம்பளத்தில் தங்கிவிட்டால் அது முப்பத்தாறு வயது வரைக்கும் பின்னாலேயே வரும். இளவயதில், பொறுப்புகள் குறைவாக இருக்கும்போது ஒருமுறை துணிந்து வெளியே போய்ப் பார்ப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

அதற்காக, இருக்கும் வேலையிலேயே இருப்பவர்களைச் சோம்பேறி, பயந்தாங்கொள்ளி என்று பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் பத்து நிமிடத்தில் போய்ச் சேர முடிகிறது என்பதால்தான் ஒரு தாயால் வேலைக்கே போக முடிகிறது. அந்த இடத்தை விட்டு இரண்டு மடங்குச் சம்பளத்துக்குப் போய், ஒரு வருடத்தில் இரண்டு வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார நேர்ந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது? பக்கவாதம் வந்த மாமனாரைக் காலையில் நடக்க வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவரும் அப்படித்தான். அவர்கள் வாங்கும் சம்பளத்தில் ஒரு பகுதி ரூபாயில் வருவதில்லை.

அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கல்விக் கடன் மூன்று லட்சம் பாக்கி, இரண்டு ஆண்டில் அடைத்துவிடலாம். தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய கந்து வட்டியிலிருந்து வெளியே வந்துவிடலாம். இப்படித் தொகையும் தேதியும் சொல்ல முடிகிறதா? நீண்ட பயணத்தையும் இரவு வேலையையும் தாங்கிக்கொள்ள அதுவே போதுமான காரணம், தைரியமாகப் போகலாம். சொல்ல முடியவில்லை என்றால், கூடுதல் பணம் வந்த வேகத்தில் கார் தவணையாகவும் கிரெடிட் கார்டு பாக்கியாகவும் மாறி, பிறகு திரும்பி வர நினைத்தாலும் வர முடியாமல் கட்டிப்போட்டுவிடும்.

போவது என்று முடிவானால், புதிய கடிதம் கையெழுத்தாகிக் கைக்கு வந்த பிறகே பேப்பர் போடுங்கள். நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா என்று பழைய கடிதத்தைப் புரட்டிப் பாருங்கள். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வெளியேறாதீர்கள்.

இருப்பது என்று முடிவானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம்மில் பலர் பத்து ஆண்டு ஒரே இடத்தில் உழைத்தும் ஒருமுறைகூட வாய் திறந்து கேட்டதில்லை. அவர்களாகப் பார்த்துத் தருவார்கள் என்று காத்திருக்கிறோம். நாம் பார்த்த அந்தக் கோவைக்காரரையே எடுத்துக்கொள்வோம். இன்னொரு கம்பெனியின் கடிதத்தை மேஜையில் போட்டு மிரட்ட வேண்டியதில்லை. தான் என்ன வேலை செய்கிறார், தன்னால் கம்பெனிக்கு என்ன மிச்சமாகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "ஐயா, மாசம் 5,000 கூட்டித் தாங்க" என்று கேட்கட்டும். கிடைத்தால் மணிக்கு 198 ரூபாய், சென்னையையும் வேளச்சேரி வீட்டையும் தாண்டிவிட்டது. கிடைக்காவிட்டால், ஏன் இல்லை என்று கேட்கட்டும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, போவதா இருப்பதா என்று அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்காது.