கோடை மழையும் வானிலை அறிக்கையும்



நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். குளிர்நாடுகளில் இளவேனில் என்றால் பனி உருகி, மண் நெகிழ்ந்து, விதைப்புத் தொடங்கும் காலம். நம் நாட்டிலோ அது வெயில் ஏறும் காலம். மாமரத்தில் காய் முற்றும் காலம். மல்லிகை மிகுதியாகப் பூக்கும் காலம். அறுவடை முடிந்த மானாவாரி நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலம். இக்காலத்தில் மாலை வேளைகளில் இடியும் மின்னலுமாக வந்து, சற்று நேரம் கொட்டிவிட்டுப் போகும் மழையைக் கோடை மழை என்கிறோம். அம்மழையைப் பற்றியும், அதனை முன்கூட்டி உரைக்கும் வானிலை அறிக்கையை உழவரும் தோட்டக்காரரும் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது பற்றியும் இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி அளவு ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். இதில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழையும், மூன்றில் ஒரு பங்கை அல்லது அதற்குச் சற்று மேலாகத் தென்மேற்குப் பருவமழையும் தருகின்றன. மார்ச்சு முதல் மே வரையுள்ள மூன்று மாதங்களில் கிடைப்பது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. பங்கு சிறிதுதான், ஆனால் அதன் மதிப்புச் சிறிதன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4047 சதுர மீட்டர். எனவே 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கிறது என்பது கணக்கு. கிணறு வற்றிக் கிடக்கும் சித்திரையில் இது எத்தகைய கொடை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கொடையை ஏற்க நிலம் அணியமாக இருக்கவேண்டும். இறுகிக் கிடக்கும் மண்ணில் விழுந்த மழை ஓடிப்போகும். உழுது புழுதியாகக் கிடக்கும் மண்ணில் விழுந்தது உள்ளே இறங்கும். ஆகவேதான் கோடை உழவு கோடி நன்மை என்று நாட்டுப்புறத்தார் சொன்னார்கள். இவ்வுழவால் வேறொரு நன்மையும் உண்டு. நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, மழையில்லாக் காலத்தைக் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கழித்து, மழைக்குப் பின் அந்துப்பூச்சியாக வெளிவருவது. கோடை உழவு அக்கூட்டுப்புழுக்களை மேலே புரட்டிவிடுகிறது. வெயிலும் பறவைகளும் எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

இனி, கோடை மழை எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். காலை முதல் காயும் வெயிலால் நிலம் சூடேறுகிறது. நிலத்தையொட்டிய காற்றும் சூடேறி இலேசாகி மேலெழுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதனுடன் சேருமாயின், மேலே சென்று குளிர்ந்து, முகிலாகத் திரள்கிறது. அம்முகில் கோபுரம்போல் பல கிலோமீட்டர் உயரம் வளர்ந்து, பிற்பகலிலோ மாலையிலோ இடிமழையாக இறங்குகிறது. காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுவதால், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் இம்மழை சற்று அதிகம். இத்தகைய இடிமுகில் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. எனவே ஓர் ஊரில் கொட்டுவது அடுத்த ஊரில் தூறாமலும் போகும். நான் பணியாற்றிய பள்ளியில் மழைமானி ஒன்று வைத்திருந்தோம். அதில் ஒரு துளியும் இல்லாத சில காலைகளில், மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் சேறு படிந்த காலோடு வகுப்புக்கு வருவார்கள். கோடை மழையின் இயல்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

இந்தியாவில் வானிலையை முறையாக அளந்து குறிக்கும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை வானாய்வுக்கூடம் 1792-இல் அமைந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே வானிலைக் குறிப்புகளும் எழுதத் தொடங்கினர். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875-இல் நிறுவப்பட்டது. 1932-இல் புணேயில் வேளாண் வானிலைக்கெனத் தனிப் பிரிவு தோன்றிற்று. அதனை வளர்த்தவர் சர் சி. வி. இராமனிடம் பயின்ற இராமதாஸ் என்னும் அறிஞர். உழவர்களுக்கென்றே எழுதப்பட்ட வானிலை அறிக்கை 1945 முதல் வானொலி வழியே ஒலிக்கலாயிற்று. இன்று செயற்கைக்கோள் படங்களும், சென்னையில் 2002-இல் நிறுவப்பட்டது போன்ற டாப்ளர் ரேடார்களும், கணிப்பொறிக் கணக்குகளும் துணை நிற்கின்றன. அடுத்த ஐந்து நாள் வானிலையும், அதற்கேற்ற பயிர் அறிவுரையும் வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வெளியிடப்படுகின்றன. செல்பேசியிலேயே அவற்றைத் தமிழில் படிக்கலாம்.

இவ்வளவு இருந்தும், "அறிக்கையில் மழை என்றார்கள், எங்கள் ஊரில் பெய்யவில்லை, அறிக்கை பொய்" என்று சொல்வோரை எங்கும் காண்கிறோம். பெரும்பாலும் அறிக்கை பொய்ப்பதில்லை. அதன் சொற்களை நாம் பொருளறிந்து கேட்பதில்லை. நாற்பது ஆண்டுக்காலம் சொற்பொருள் கேட்டே பழகிய ஆசிரியனாதலால், அச்சொற்களின் பொருளை இங்கே சொல்லிவிடுகிறேன். "ஓரிரு இடங்களில் மழை" என்றால், அப்பகுதியிலுள்ள மழை அளவிடும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறும் என்பது பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எதிர்பார்க்கும்போது வேறு சொற்களை வழங்குவர். ஆகவே "ஓரிரு இடங்களில்" என்ற அறிக்கை, நான்கில் மூன்று பங்கு இடங்களோ அதற்கு மேலோ மழையின்றி இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அதுபோலவே, "மிதமான மழை" என்பது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 16 முதல் 64 மில்லிமீட்டர் வரை. "கனமழை" என்பது அதற்கு மேல் 115 மில்லிமீட்டர் வரை. 16 மில்லிமீட்டரும் மிதம், 60 மில்லிமீட்டரும் மிதமே. ஆனால் வயலுக்கு அவ்விரண்டும் ஒன்றாகா.

அப்படியானால், எங்கே பெய்யும் என்று உறுதியாகச் சொல்லாத அறிக்கையால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை, உயர்நிலைப் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவர் மாசிப்பட்டத்தில் எள் விதைத்து, வைகாசியில் அறுத்துக் களத்தில் போர் போட்டிருந்தார். "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று அறிக்கை வந்தது. மாலையில் என்னைக் கண்டவர், "ஐயா, தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து மூடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். "மூடுவதற்கு என்ன செலவாகும் தம்பி?" என்றேன். "ஆள்கூலியும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் ஆகும், ஐயா." "நனைந்தால் என்ன இழப்பு?" "மணி நிறம் மங்கிவிடும். வியாபாரி விலையைக் குறைப்பார். எட்டாயிரமாவது போகும்." ஐந்நூறு, எட்டாயிரத்தில் பதினாறில் ஒரு பங்கு. எனவே பதினாறு முறையில் ஒரு முறைக்கு மேல் அவர் களத்தில் மழை விழக்கூடும் என்றாலே, மூடிவைப்பது நீண்டகாலக் கணக்கில் இலாபம். "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லுக்குள் அந்த வாய்ப்புத் தாராளமாக அடங்கும். அவர் மூடினார். அன்று மழை பெய்ததா இல்லையா என்பது இங்கே பொருளன்று. பெய்யாவிட்டாலும் அவர் செய்தது சரியே.

அதே அறிக்கையைக் கேட்டு இன்னொருவர், "மழை வருகிறது, விதைத்துவிடலாம்" என்று விலைகொடுத்து வாங்கிய விதையைப் புழுதியில் இறைப்பாராயின், அது சரியாகாது. இங்கே செலவு பெரிது. வாய்ப்போ நான்கில் ஒன்றுக்கு மேற்படாதது. ஒரு மழை பெய்து முளைத்தாலும், அடுத்த பத்து நாள் வெயிலில் நாற்றுக் கருகிவிடக்கூடும். ஒரே அறிக்கை ஒருவரை "செய்" என்கிறது. மற்றொருவரை "பொறு" என்கிறது. வேறுபாடு வானத்தில் இல்லை. செய்யப்போகும் வேலையின் செலவிலும் இழப்பிலும் இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது இதுவே.

இக்கணக்கைப் பிற வேலைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். பூச்சிமருந்து தெளித்த சில மணி நேரத்தில் மழை பெய்தால், மருந்து கழுவப்பட்டுக் காசு கரைந்துவிடும். ஒருநாள் தள்ளிப்போடுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இடிமழையோடு மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்றால், தார் ஈன்ற வாழைக்கு மூங்கிலாலோ சவுக்குக் கம்பாலோ முட்டுக் கொடுப்பது முந்தியே முடிந்திருக்க வேண்டும். காற்று எழுந்தபின் கம்பு தேடுவது வீண். காற்றில் உதிர்ந்த மாங்காய் ஊறுகாய்க்குத்தான் போகும். ஆதலால் முற்றிய காய்களை முன்பே பறித்துக்கொள்வது நன்று. வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர், ஆடியில் நடப்போகும் கன்றுகளுக்கு இப்போதே குழியெடுத்து ஆறவிடலாம். ஒரு மழை பெய்ததும் செடிகளின் அடியில் காய்ந்த சருகைப் பரப்பி மூடாக்கு இட்டால், விழுந்த ஈரம் வெயிலில் பறிபோகாது. உழவரும் உழவு மாட்டையோ டிராக்டரையோ முன்னதாகச் சொல்லிவைத்தால்தான், மண்ணின் பதம் போகுமுன் உழ முடியும்.

எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டுக்கு ஏறுவதையும், தட்டான் தாழப் பறப்பதையும் பார்த்து மழையை உணர்ந்த பெரியோரை நான் எள்ளி நகைப்பவனல்லேன். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து வாழ்ந்தவர்கள். அப்பழக்கத்தை நீங்கள் அளவுகோலோடு தொடரவேண்டும் என்பதே என் விருப்பம். அடிதட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு டப்பாவை, மரமும் சுவரும் மறைக்காத திறந்த வெளியில் சாயாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். வானிலை நிலையங்களில் மழையை அளக்கும் வேளையும் அதுவே. மழை இல்லாத நாளில் சுழியம் என்று எழுத மறவாதீர்கள். எழுதாமல் விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல. அருகே அன்றைய அறிக்கையையும் குறித்துவைத்தால், சில ஆண்டுகளில் "ஓரிரு இடங்களில்" என்ற சொல் உங்கள் ஊருக்கு எத்தனைக்கு எத்தனை பலிக்கிறது என்பதை உங்கள் ஏடே சொல்லும். அதனை வேறு எவரும் உங்களுக்குச் சொல்ல இயலாது.

இது சிறுவர் விளையாட்டன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி அம்மையார் (1918–2001) 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி உள்ளிட்ட ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். பிழையான அளவு, அளவே இல்லாமையினும் கேடு என்பது அவர் வாழ்க்கைப்பணியிலிருந்து நாம் கற்கும் பாடம்.

முடிக்கும் முன் உயிர்காக்கும் செய்தி ஒன்று. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேல் மின்னலால் மாள்கிறார்கள். அவர்களுள் வயலில் வேலை செய்வோர் பலர். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என நொடிகளை எண்ணுங்கள். இடியோசை மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்லவேண்டும். தனித்து நிற்கும் பனையின் கீழோ புளியமரத்தின் கீழோ ஒதுங்கலாகாது. கடைசி இடி கேட்டபின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வரவேண்டும். இதில் மட்டும் இலாப நட்டக் கணக்கு வேண்டா.

உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். இன்று மாலை வானிலை அறிக்கையைக் கேட்டு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லின் பொருளையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிறகு, நாளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள், அதற்கு என்ன செலவு, நனைந்தால் என்ன இழப்பு என்று கேட்டு, அவர்களோடு அமர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.