தன் குரலாற் கெடும் மீன்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தவளை தன் வாயாற் கெடும் என்பது முன்னோர் மொழி. அது மீனுக்கும் பொருந்துமாற்றை இன்று யாம் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

கத்தாளை இனத்துள் மிகப் பெரியவற்றுள் ஒன்று கூறல். உயிர்நூலார் இதனைப் புரோட்டோநிபியா டயகாந்தஸ் என்பர். பாரசீக வளைகுடா முதல் நம் கரைகள் வழியாக வட ஆஸ்திரேலியா வரை, கரையோரக் கடலிலும் கழிமுகங்களிலும் இது வாழும். ஒன்றரை மீட்டர் வரை வளரும். இறாலும் நண்டும் சிறுமீனும் இதற்கு இரை. கூறல் என்னுஞ் சொல் பேசுதலையுங் குறிக்கும். பெயர்க்காரணம் அதுவே என யாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் இம்மீன் குரலுடையது என்பது மெய். வயிற்றகத்துள்ள காற்றுப்பையைத் தசைகள் விரைந்து அதிர்விக்க, அப்பை முழவுபோல் முழங்கும்.

குரலே இவ்வினத்துக்குப் பகையாயிற்று. மலேயாவின் கீழ்க்கரையில் ஜூரு சலாம் எனப்பட்ட மீன்வல்லார் நீருள் மூழ்கி, கத்தாளைக் கூட்டத்தின் ஒலியைச் செவியால் தேர்ந்து வலை வளைக்கச் செய்தனர். குரலெழுப்பும் காற்றுப்பையோ பின்னும் பெரும்பகை. உலர்த்திய அப்பை சீனர் விருந்தில் அரும்பண்டம். ஆகலின் இறைச்சியினும் அதற்கே விலை மிகுதி. பெரிய கூறல் ஒன்று வலைப்பட்டால் ஏழை மீனவர் இல்லத்தில் கடன் தீரும். அவரை யாம் பழியோம். குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மீனாக அறிவித்ததும் இம்மதிப்புப் பற்றியே.

எனினும் ஒன்று கருதற்பாலது. இம்மீன் ஆண்டுதோறும் குறித்த சில இடங்களில் திரளாகக் கூடும். அவ்விடமறிந்தவர் ஒரு திரளையே வாரிவிடக் கூடும். சிறியவற்றை மீண்டும் நீரில் விடுவோம் எனின், அதுவும் பயன்படுவது அரிது. ஆழத்தினின்று இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை வீங்கி உள்ளுறுப்புக்களைச் சிதைத்துவிடும்; விடப்பட்டவற்றுட் பல பிழையா. ஆகவே காக்கும் வழி, தூண்டிலை இடாதிருத்தலே.

அங்ஙனம் செய்தாரும் உளர். வட ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையில் இஞ்சினூ என்னும் ஊரில் வாழும் பழங்குடியினர், தம் கடலில் அகப்படுவன முதிராத இளமீன்களே ஆதலை ஆய்வாளர் வாயிலாக அறிந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈராண்டுக் காலம் கூறலைப் பிடிப்பதில்லை எனத் தமக்குத் தாமே தடை விதித்துக்கொண்டனர். பின்னர் முன்னினும் பெரிய மீன்கள் அங்கே காணப்பட்டன. தண்டனைக்கு அஞ்சி அடங்கியவரல்லர் அவர். தம் மக்களுக்கு மீன் வேண்டுமென எண்ணி அடங்கியவர்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. அஃது அரசாணை. எஞ்சிய நாட்களில் முதிராக் கத்தாளைக் குஞ்சுகள் சந்தைக்கு வருங்கால், அவற்றை வாங்காதிருக்க எந்த ஆணையும் நம்மைக் கட்டுப்படுத்தாது. அங்கேதான் ஒரு சமூகத்தின் கட்டுப்பாடு வேண்டற்பாலது. சங்கம் என்பது விழாவுக்கும் விருந்துக்கும் கூடுவது மட்டுமன்று. ஒன்றை வேண்டாமென ஒருங்கே துணிவதும் சங்கத்தின் செயலே.

கூறல் தன் குரலை அடக்கவியலாது. அஃது அதன் இயல்பு. நம் நாவை நாம் அடக்கவியலும். இதனை இல்லந்தோறும் எண்ணிப் பார்க்குமாறு வேண்டி அமைகின்றோம்.