குடிமதிப்பும் நமது கடமையும்



குடிமதிப்பாவது தலைகளை எண்ணுதல் மாத்திரமன்று. முதலில் வீடுகளை வரிசைப்படுத்தி, பின்னர் அவற்றில் உள்ளாரை எழுதி, ஈற்றில் விடைகளை இனம் பிரித்தல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று பழுதுபடினும் ஏனைய உழைப்பு வீணாம்.

1931ஆம் வருஷத்துக் கணக்கில் ஜாதிப்பெயர்கள் 4,147 என்றும், 2011ஆம் வருஷத்து ஜாதிக் கணக்கெடுப்பில் 46 லக்ஷத்திற்கு மேல் என்றும் மத்திய அரசாங்கத்தார் 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தனர். ஜாதிகள் அத்துணை பெருகினவோ? இல்லை. ஒருவர் குலப்பெயரையும், ஒருவர் பட்டத்தையும், ஒருவர் கோத்திரத்தையும் கூறினர். எழுதினவர்களும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதினர். கணக்குத் தொடங்குமுன்னரே ஜாதிப்பெயர் அட்டவணை அமையாமையால், எடுத்த கணக்குப் பயன்படாதொழிந்தது.

பிழை அரசாங்கத்தாருடையது மாத்திரமோ? 1901-ல் ரிஸ்லி துரை ஜாதிகளை மதிப்பு வரிசையில் நிறுத்தத் துணிந்தபின், உயர்ந்த பெயர் வேண்டி விண்ணப்பித்த சங்கங்கள் பல. பெயரின் பெருமையை நாடியவர்கள், தம்முள் எழுத்தறியாதார் எத்தனை பேர் என்று வினவினாரில்லை. அவ்வழி நமக்கு வேண்டா.

2027 மார்ச்சு 1ஆம் தேதியைக் கால எல்லையாகக் கொண்டதென 2025-ல் அறிவிக்கப்பெற்ற குடிமதிப்பில் ஜாதியும் கேட்கப்படும். ஆகலின் அன்பர்காள்! பட்டத்தை விடுத்து ஜாதிப்பெயரையே சொல்லுங்கள். கைக்குழந்தையையும் முதியோரையும் விடாது எழுதுவியுங்கள். கல்வியையும் தொழிலையும் மிகுத்துரையாதீர். தனியொருவர் விடையை 1948ஆம் வருஷத்துச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது, அஞ்சவேண்டுவதில்லை. நம் வறுமையை மறைத்தெழுதினால், அதற்குப் பரிகாரம் கேட்கும் வாயையும் நாமே அடைத்தவர்களாவோம்.