யார் கையில் தராசு?

(கொல்லிமலை, சோளக்காட்டில் இளைஞர்களிடையே பேசியது)



'நம்ம ஜனம் ஒண்ணு சேராது, ஒருத்தன் ஏறுனா இன்னொருத்தன் காலைப் பிடிச்சு இழுப்பான்' என்று படித்தவர்களே பேங்க் கவுண்டரில் நின்று என்னிடம் சொல்வதுண்டு. கேட்டாலே எரிச்சல் வரும்.

இந்த மலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. சாமை வீட்டில் கிடக்கும். பிடுங்கிய கிழங்கு ரெண்டு மூணு நாளில் கெட்டுவிடும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆலைக்குப் போனால் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விலை. தராசு அவனுது, சோதனையும் அவனுது. லாரியைத் திருப்பிக்கொண்டு மலையேற முடியுமா? பக்கத்துக் காட்டுக்காரனுக்கு ஒரு பாயிண்ட் கூட விழுந்தால், 'தனியாப் பேசி முடிச்சுட்டான்' என்றுதான் தோணும். தோணாமல் என்ன செய்யும்?

அதே கிழங்கை அரைக்கிற முதலாளிகளைப் பாருங்கள். ஒருத்தருக்கொருத்தர் போட்டிக்காரர்கள். ஆனாலும் 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். சரக்கு பொதுக் கிடங்கில், விற்பனை டெண்டரில், இருப்பின்பேரில் முன்பணம். நம்பிக்கை அவர்கள் ரத்தத்திலா ஊறியிருக்கிறது? எல்லாம் எழுத்தில் இருக்கிறது, யாரும் கேட்கலாம்.

'அவனுக்குக் கூடினால் எனக்குக் குறையும்' என்பதன் கொடூர முகம் ஏழையிடம் இல்லை. 1995இல் கொடியன்குளத்தில், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த தலித் வீடுகளைப் போலீசே உடைத்தது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியை எரித்தார்கள். காதல் கல்யாணம்தான் காரணமாம். கல்யாணத்தின் மேல் கோபமென்றால் பீரோவை எதுக்கய்யா உடைக்கணும்? பெங்களூரில் உழைத்து வாங்கிய பைக்கை எதுக்குக் கொளுத்தணும்? எரித்தவன் காட்டில் அதனால் ஒரு மூட்டை கூடுதலாக விளைஞ்சுதா? எரிந்த வீட்டுக்காரன் ஊரில் இன்னொரு முறை பணம் போட யோசிப்பான். நஷ்டம் ரெண்டு பக்கமும்.

ஜாமீன் கேட்டே பழகிய வங்கிகளை 1992இல் நபார்டு 500 சுயஉதவிக் குழுக்களோடு இணைத்துப் பார்க்க முனைந்தது. குழுக் கூட்டத்தில் நோட்டை உரக்கப் படிப்பார்கள். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் யார் கட்டினார், யார் பாக்கி என்று காதால் தெரியும்.

கிழங்கைக் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டே மாவுச்சத்தைக் கணக்கிடலாம், பெரிய லேப் வேண்டாம். சோளக்காட்டில் நம்ம தராசு ஒன்று இருக்கட்டும். நாலு ஊர்க் கிழங்கு லாரி ஏறுமுன் எழுதி, உரக்கப் படிப்போம். நோட்டைப் பிடிக்க வேண்டியது நீங்கள். முதல் வருசம் ஆலைக்காரன் நம்ம கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டான். பக்கத்துக் காட்டுக்காரன் ஒத்துக்குவான்.