அறுபதுக்கு முன்பே வந்துவிடும் முதுமை



டிசம்பர் 6 நமக்கு நினைவு நாள். தூத்துக்குடியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இந்த மாதத்தில் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும், வாருபலகைகள் மூலையில் சாய்ந்து கிடக்கும், யாருக்கும் கூலி இருக்காது. அதனால்தான் உப்பளத் தொழிலாளர்கள் இவ்வளவு பேர் இன்று இந்த அரங்கில் இருக்கிறீர்கள். இதே கூட்டத்தை மார்ச்சில் வைத்திருந்தால் ஒருவரும் வந்திருக்க முடியாது.

முதியோருக்கு ஏற்ற நகரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அம்மா 13 வயதில் ஆச்சியோடு முள்ளக்காட்டுப் பக்கம் அளத்துக்குப் போனவள். விடியுமுன் மூன்று மணிக்கு டார்ச் லைட்டோடு இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆண்கள் வாரிப்போட்ட உப்பைப் பெண்கள் பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து, தட்டுமேட்டில் ஏறி அம்பாரத்தில் கொட்டவேண்டும். ஒரு நாளில் அந்த மேட்டில் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று அவளும் எண்ணவில்லை, கங்காணியும் எண்ணவில்லை. ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்கமாட்டாள். 46 வயதில் முழங்கால் மடங்கவில்லை. வெள்ளைப் பாத்தியையே பார்த்த கண்ணில் புரை. அளத்திலிருந்து நின்றுவிட்டாள்.

முதியோர் உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அட்டையைப் பார்த்தவர், "இன்னும் வயசு இருக்கேம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா, "ஏல, இந்தக் காலுக்கு எத்தன வயசுன்னு அந்த அட்டையில போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

46-க்கும் 60-க்கும் இடையே 14 ஆண்டுகள். அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் என் பேச்சு. அம்மா அந்தக் காலத்தில் கருவாடு தரம் பிரித்தாள், அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள், ரேஷன் அரிசியில் வீட்டை ஓட்டினாள், தன் சாப்பாட்டைத் தானே குறைத்துக்கொண்டாள். அரசின் கணக்கில் அவள் உழைக்கும் வயதுப் பெண். அளத்தின் கணக்கில் பெட்டி தூக்கமுடியாத கிழவி. இரண்டு கணக்கிலும் அவளுக்குக் காசு இல்லை.

அளத்தில் பல சாதியினரும் வேலை செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலம் இல்லாததால் உப்புக்குப் போனவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் கணிசம். ராஜம் கிருஷ்ணன் 1979-இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். பிறகு இந்த ஊரின் ஸ்ரீதர கணேசன் 'உப்பு வயல்' எழுதினார். இலக்கியத்தில் உப்பளம் பதிவாகிவிட்டது. நகரத்தின் திட்ட வரைபடத்தில்தான் பதிவாகவில்லை.

தூத்துக்குடி 2008-இல் மாநகராட்சி ஆனது. 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நல்லதுதான். மாலையில் ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் ஓய்வுபெற்றவர்கள் நடக்கிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த பெஞ்சில் உட்கார முதலில் ஓய்வு பெற்றிருக்கவேண்டும். துறைமுகத்தின் நிரந்தர ஊழியருக்கு ஓய்வு பெறும் நாள் தெரியும், அதன்பின் மாதம் என்ன வரும் என்பதும் தெரியும். அதே கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி உப்பாக்கியவருக்கு ஓய்வு என்பது கால் மடங்காமல் போகும் நாள்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு ஏற்ற நகரங்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களிடம் கேட்டு எழுதியது. இந்தியாவிலிருந்து டெல்லியும் உதய்பூரும் அதில் உண்டு. நடைபாதை, பேருந்து, வீடு, மரியாதை, மருத்துவம் என்று எட்டுத் துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மாணவர்கள் தேடிப் படியுங்கள், பயனுள்ள நூல். ஆனால் அது 60 வயதானவர்களிடம்தான் கேட்கிறது. 60-ஐத் தொடாமலே தேய்ந்துபோகிறவர்களின் குரல் அதற்குள் வர வழியில்லை.

தேய்வதும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாநிலங்களின் விவரங்களை வைத்து, உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுட்காலம் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று கணக்கிட்டது. வருமானத்தையும் வீட்டுச் சூழலையும் சமப்படுத்திப் பார்த்தாலும் இடைவெளி முழுதாக மறையவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் அளங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஆய்வு இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தை அளந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைக்கிறார்கள், சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறனே குறைந்திருக்கிறது என்று கண்டார்கள். அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். அளத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு நிழற்கூரையும் இருந்திருந்தால் அவளுடைய முதுமை சில ஆண்டுகளாவது தள்ளிப்போயிருக்கும். முதியோர் நலத் திட்டம் என்று நான் முதலில் கேட்பது அந்தக் கழிப்பறையைத்தான். அது 20 வயதுப் பெண்ணுக்குக் கட்டவேண்டியது.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். 1962-இல் மாதம் 20 ரூபாயில் தமிழ்நாட்டில் இது தொடங்கியது. 2011-இல் 1,000, 2023 ஆகஸ்டில் 1,200. இந்தியாவில் பல மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியவர்கள் நாம், அதைச் சொல்லத்தான் வேண்டும். 60 முதல் 79 வயதுவரை ஒன்றிய அரசு தரும் பங்கு பல ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு உறுத்துவது தொகை மட்டுமல்ல. 'ஆதரவற்றவர்' என்று நிரூபித்தால்தான் இந்தப் பணம். 33 ஆண்டுகள் ஊருக்கே உப்பு சுமந்தவள், தனக்கு யாருமில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பிள்ளை நான் பக்கத்தில் நிற்கிறேன்!

அண்ணலின் தலைமையில் வரைவான அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் படியுங்கள். வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்யவேண்டும் என்கிறது. அதில் 60 என்ற எண் இல்லை. யாருமற்றவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உரிமை என்ற சொல் இருக்கிறது.

இதைக் கனவு என்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். ஆந்திராவில் மீனவருக்கும் நெசவாளருக்கும் கள் இறக்குபவருக்கும் 50 வயதில் ஓய்வூதியம். நம் பறைக்கு உறவான தப்பு அடிக்கும் கலைஞருக்கும் 50. வழிவழியாகச் செருப்புத் தைப்பவருக்கு 40. இந்த வேலை உடலை இத்தனை வயதில் தேய்க்கும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதற்கான சான்று அது. ஜார்க்கண்டில் 2023 டிசம்பரில் தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் ஓய்வூதிய வயதை 50 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். நம் மாநிலத்தில் மழைக்கால மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறார்கள். அதாவது இந்த வேலை தனித்தன்மை உடையது என்பதை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஏற்றுக்கொண்டதை முதுமைக்கும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம். உப்பளத் தொழிலாளருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் 50 வயதில் ஓய்வூதியம்.

இதற்கு நம் தோழர்களிடமிருந்தே ஒரு மறுப்பு வருகிறது. "அம்பதுல பென்ஷன் கேட்டா, அளத்து முதலாளி உடம்பக் கெடுத்ததுக்கு அரசாங்கம் ஈடு குடுக்குற மாதிரி ஆயிருமே. அவன் தப்பிச்சிருவானே?" நியாயமான கேள்வி. நெடுநாள் யோசித்தேன். தப்பிக்கவிடக்கூடாது. ஓய்வூதிய நிதிக்கு உப்பின் டன்னுக்கு இவ்வளவு என்று உற்பத்தியாளரிடம் வசூலிக்கட்டும். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்துக்குக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு பிடிக்கிறார்களே, அந்த முறைதான். ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை இன்று 52 வயதாக இருக்கிறவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரேஷன் கடைக் கதையையும் சொல்லவேண்டும். 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்துப் பொருள் வாங்குகிறோம். உப்பு தின்ற விரலில் ரேகை ஏது? அம்மா ஒவ்வொரு விரலாக வைப்பாள், இயந்திரம் ஒவ்வொன்றையும் மறுக்கும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை கடைக்காரத் தம்பி எழுந்து வந்து ஈரத்துணியால் அவள் விரலைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அந்தத் தம்பிக்கு என் நன்றி. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. தொடக்கத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வந்தது. நல்ல திட்டம். அங்கேயும் வயது ஒரு வாசல். தேய்ந்த விரலை வாசலாக வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு நான்கு பேராகத் தூக்கிப்போனோம். யார் வீட்டில் நடக்கமுடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியல் எந்த அலுவலரிடமும் இல்லை, எங்கள் தெருப் பிள்ளைகளின் தலைக்குள் இருந்தது. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை அதுதான். முத்தையாபுரம், முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று அளத்தை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த வயதில் அளத்துக்குப் போனீர்கள், எந்த வயதில் நின்றீர்கள், எந்த வயதில் உதவித்தொகை வந்தது? இடையில் உள்ள ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணோடு ஆட்சியரைப் பார்ப்போம்.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒன்று. இந்த அரங்கம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. வாடகை குறைவு என்று நாம்தான் பிடித்தோம். நான் ஏறி வரும்போது கீழே படிக்கட்டில் இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். "நீ போய்ப் பேசுப்பா, மைக்குல கேக்கும்ல" என்றார்கள். மைக் கீழே வரை கேட்கிறதா என்று யாராவது ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்கவில்லையென்றால் கலந்துரையாடலைக் கீழே முற்றத்தில் வைத்துக்கொள்வோம். மழை விட்டிருக்கிறது.